சுடுகிறவனையே உதைக்கும் துப்பாக்கிகள்!

துப்பாக்கி வெடித்தால் முதல் அடி யாருக்கு?

"இது என்ன கேள்வி? குண்டு யார் மேல் பாய்கிறதோ அவருக்குத்தான்!" என்று சொல்வீர்கள்.

இல்லை. துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவருக்குத்தான் முதல் அடி! குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே துப்பாக்கி பின்னால் நகரத் தொடங்கிவிடும். சுட்டவரின் தோளில் ஓர் உதை விழும்.

சில துப்பாக்கிகள் உதைப்பது, செல்லமாகத் தட்டுவது போல இருக்கும். சில துப்பாக்கிகள் மாடு உதைப்பது போல உதைக்கும். தோள் கன்றிப் போகும். கன்னம் கிழியும். ஆளையே தூக்கிக் கீழே போட்டுவிடும்.

இப்படிப்பட்ட பொல்லாத துப்பாக்கிகள் சில உண்டு. அவற்றிடம் உதை வாங்கியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. யானைக்குப் பயப்படாதவர்கள்! அவர்களே இந்தத் துப்பாக்கிகளுக்குப் பயந்தார்கள்.

பரிசல் கணக்கு

துப்பாக்கி ஏன் உதைக்கிறது?

பரிசலில் போயிருக்கிறீர்களா? கரை வந்ததும் தரையில் தாவுகிறீர்கள். நீங்கள் முன்னால் போகிறீர்கள். பரிசல் பின்னால் போகிறது. நீங்கள் காலால் அதைத் தள்ளினீர்கள். அதனால் அது போயிற்று.

துப்பாக்கியிலும் இதே கதைதான். மருந்து எரிந்து ஆவியாகிறது. அந்த ஆவி குண்டை முன்னால் தள்ளுகிறது. அதே பலத்தோடு துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. ஒரு பக்கம் மட்டும் தள்ளு என்று அதற்குச் சொல்ல முடியாது. இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி நியூட்டன், 1687-ம் ஆண்டிலேயே இதை ஒரு விதியாக எழுதி வைத்துவிட்டார்.

"அப்படியானால் குண்டு பட்டவன் சாகிறான். சுட்டவன் மட்டும் ஏன் சாகவில்லை?" என்று வீட்டில் சின்னப் பையன் யாராவது கேட்பான்.

நல்ல கேள்வி. அதற்கும் கணக்கு இருக்கிறது.

மார்ட்டினி ஹென்றி என்று ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி. அதன் எடை ஏறக்குறைய 4 கிலோ. அதன் குண்டு 31 கிராம். அதாவது துப்பாக்கி, குண்டைப்போல 130 மடங்கு கனம். குண்டு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போகும். துப்பாக்கி பின்னால் வரும் வேகம் அதில் 130-ல் ஒரு பங்கு. நொடிக்கு 3 மீட்டர். குண்டோடு சேர்ந்து ஆவியும் வெளியே பாய்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம் கூடும்.

குண்டின் நுனி சின்னது. துப்பாக்கியின் அடிக்கட்டை அகலமானது. குண்டு துளைக்கிறது. கட்டை இடிக்கிறது. உயிர் போகாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்த இடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 4 கிலோ எடையுள்ள பலாப்பழம் ஒன்றை அரை மீட்டர் உயரத்தில் இருந்து உங்கள் தோளில் போட்டால் எப்படி இருக்கும்? ஒரு தடவை போட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம். 200 தடவை போட்டால்?

இப்படி 200 உதை வாங்கியவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குண்டு கனத்தால் உதை கூடும். துப்பாக்கி கனத்தால் உதை குறையும். "அப்படியானால் துப்பாக்கியைக் கனமாகச் செய்துவிட்டுப் போகலாமே!" என்று தோன்றும். அதை யார் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் நடப்பது? சுமக்கிறவனும் அவன்தான். உதை வாங்குகிறவனும் அவன்தான். துப்பாக்கி செய்கிறவர்களுக்கு இது தீராத தலைவலி.

இங்கிலாந்தில் வாத்து சுடுகிறவர்கள் மட்டும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அரை கிலோ அளவு ஈய ரவையை ஒரே வெடியில் வாரி இறைக்கும் ராட்சதத் துப்பாக்கி அவர்களுடையது. தோளில் வைத்துச் சுட்டால் தோள் இருக்காது. ஆகவே அதைப் படகிலேயே கட்டிவிட்டார்கள். ஆள் படகில் குப்புறப் படுத்துக்கொண்டு, படகையே திருப்பிக் குறி பார்ப்பான். சுட்டதும் படகு தண்ணீரில் பின்னால் போகும். உதை படகுக்கு!

காட்டில் யானைக்கு எதிரே நிற்கிறவனுக்குப் படகு ஏது?

பேக்கரின் "குழந்தை"

சாமுவேல் பேக்கர் என்று ஓர் ஆங்கிலேயர். 1840-களின் கடைசியில் இலங்கைக்கு வந்தவர். நுவரெலியா மலையில் பண்ணை போட்டுக் குடியிருந்தார். அங்கே அவருக்குப் பண்ணையைவிட வேட்டையில்தான் அதிக நாட்டம். யானை வேட்டையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1855-ல் இலங்கையை விட்டுப் போனார். பிறகு நைல் நதி எங்கே பிறக்கிறது என்று தேடி ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார்.

அந்தப் பயணத்தில் அவரோடு ஒரு துப்பாக்கி போயிற்று. லண்டனில் ஹாலண்டு என்ற பேர்போன துப்பாக்கிக் கம்பெனியில் அவருக்கென்றே செய்தது. எடை சுமார் 9 கிலோ. அதில் போடும் குண்டு அரை ராத்தல். அதாவது 227 கிராம். வெறும் ஈயக் குண்டு அல்ல. உள்ளே போய் வெடிக்கும் குண்டு!

இந்தப் பூதத்துக்குப் பேக்கர் வைத்த பெயர் "பேபி". நம் மொழியில் "குழந்தை".

கூட வந்த அரபு வேலையாட்கள் அதைப் பார்த்துவிட்டு, "பீரங்கி பெற்ற பிள்ளை" என்று தங்கள் மொழியில் பெயர் சூட்டினார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் பொருத்தம்.

நம் கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள். துப்பாக்கி 9 கிலோ. குண்டு 227 கிராம். துப்பாக்கியின் எடை, குண்டைப்போல வெறும் 40 மடங்கு! மார்ட்டினியில் 130 மடங்கு இருந்ததே, இங்கே 40!

சுட்டால் என்ன ஆகும்? கோபுரத்து உச்சியில் காற்றுத் திசை காட்டும் தகட்டுச் சேவல், புயலில் எப்படிச் சுழலுமோ அப்படித் தாம் சுழன்றுபோனதாகப் பேக்கரே எழுதியிருக்கிறார். அவர் நோஞ்சான் ஆசாமி அல்ல. நல்ல பலசாலி. அப்படியும் அதைத் தொடுவதற்கே பயந்தார். மிக அபூர்வமாகத்தான் சுட்டார். சுட்ட போதெல்லாம் குறி தப்பவில்லை என்பது வேறு கதை.

வாங்கிய துப்பாக்கியைச் சுடப் பயந்து, காடு காடாகச் சுமந்துகொண்டு போன மனிதரைப் பார்த்தீர்களா!

கை நிறைய மருந்து

பேக்கராவது பணக்காரர். அவருக்கு வேறு துப்பாக்கிகளும் இருந்தன. அடுத்தவர் கதை பரிதாபமானது.

1871-ம் ஆண்டு. தென் ஆப்பிரிக்காவில் ஓர் ஆங்கிலேய வாலிபன் கப்பலை விட்டு இறங்கினான். வயது 19. பெயர் பிரெடரிக் செலூஸ். கையில் 400 பவுன் பணம். யானை வேட்டையாடித் தந்தம் விற்றுப் பிழைப்பது என்று முடிவு. வந்த இடத்தில் நல்ல துப்பாக்கி ஒன்றும் திருட்டுப் போயிற்று.

கடைசியில் அவனுக்குக் கிடைத்தவை வாத்து சுடுவதற்காகச் செய்த இரண்டு மட்டமான துப்பாக்கிகள். ஒன்று 6 பவுன் விலை. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய ரகம். எடை ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட. "நாலாம் நம்பர்" குழல். ஒரு ராத்தல் ஈயத்தை நாலு குண்டாக உருட்டினால் எவ்வளவு பெரிது இருக்கும்? அந்த அளவுக் குண்டு போகும் குழல் என்று அர்த்தம். ஒரு குண்டு 113 கிராம்.

மருந்தை அளந்து போடக் கருவி கிடையாது. தோல் பையில் மருந்தைக் கொட்டி வைத்துக்கொண்டு, கையை விட்டு அள்ளிப் போடுவார்கள். ஒரு கைப்பிடி மருந்து! பிறகு அளந்து பார்த்தபோது சுமார் 35 கிராம் இருந்தது. ராணுவ மார்ட்டினி துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து தெரியுமா? ஐந்தரை கிராம். அதைப்போல ஆறு மடங்கு!

இந்தத் துப்பாக்கிகளோடு செலூஸ் மூன்று வேட்டைப் பருவங்களில் 78 யானைகளைச் சுட்டான். பாவம், அந்த யானைகள். அந்தக் காலத்தில் இதை வீரம் என்றார்கள். இன்று படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஒரு நாள் நடந்ததைக் கேளுங்கள்.

எதிரே யானை. செலூஸ் குறி பார்த்து விசையை இழுத்தான். வெடிக்கவில்லை. மருந்து பற்றவில்லை. துப்பாக்கியைப் பின்னால் நின்ற வேலையாளிடம் நீட்டினான். அவன் பதற்றத்தில், முன்பு போட்ட மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்போதே, அதன் மேலேயே இன்னொரு கைப்பிடி மருந்தும் இன்னொரு குண்டும் போட்டுக் கெட்டித்துவிட்டான்.

செலூஸ் மறுபடியும் சுட்டான். இந்தத் தடவை வெடித்தது.

துப்பாக்கி மட்டும் போகவில்லை. செலூசும் போனான்! அப்படியே தரையில் இருந்து தூக்கி எறியப்பட்டான். ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முகம் மணலில் புதைய விழுந்தான். துப்பாக்கி அவன் தோளுக்கு மேலே பறந்து, சில கெஜ தூரத்துக்கு அப்பால் போய் விழுந்தது. எழுந்து பார்த்தால் வலது கையைத் தூக்க முடியவில்லை. முகமெல்லாம் ரத்தம். வலது கன்னத்து எலும்புக்குக் கீழே ஆழமான வெட்டு. துப்பாக்கிக் கட்டை மேலே கிளம்பும்போது கிழித்த வெட்டு அது.

அந்தக் கட்டை என்ன ஆயிற்று? யானைக் காதின் தோலைப் பச்சையாகச் சுற்றிக் காயவைத்து, இரும்புபோல இறுக்கியிருந்தார்கள். அதுவும் சுக்குநூறாகச் சிதறிவிட்டது!

காயம் ஆறிவிட்டது. செலூஸ் பிழைத்துக்கொண்டான். பிறகு உலகப் புகழ் பெற்ற வேட்டைக்காரரானார். 1881-ல் வெளிவந்த புத்தகத்தில் இதையெல்லாம் அவரே எழுதினார். 1917-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த சண்டையில், 65-வது வயதில், ஒரு ஜெர்மன் சிப்பாயின் குண்டு பட்டு இறந்தார்.

ஆனால் அந்த நாலாம் நம்பர் துப்பாக்கிகளைப் பற்றி அவர் எழுதியதுதான் முக்கியமானது. அவற்றின் உதை தம்முடைய நரம்புகளைக் கெடுத்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு எந்தத் துப்பாக்கியைச் சுட்டாலும் அந்தக் கேடு தம் குறியைப் பாதித்தது என்றார். அவற்றைத் தொட்டதற்காகவே மனம் நொந்து வருத்தப்பட்டார்.

கன்னத்துக் காயம் ஆறியது. உள்ளே பட்ட காயம் ஆறவில்லை!

ஊசிக்குப் பயந்த குழந்தை

இது செலூசுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. துப்பாக்கி பழகுகிற எல்லாருக்கும் வரக்கூடியது.

டாக்டர் ஊசியை எடுப்பதைப் பார்த்ததும் குழந்தை கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? ஊசி இன்னும் படவே இல்லை. பட்டால் வலிக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

துப்பாக்கியிடம் இரண்டு தடவை நன்றாக உதை வாங்கியவன் உடம்பும் அப்படித்தான். விசையை இழுக்கப் போகிற அந்தக் கணத்தில் கண் தானாக மூடிக்கொள்ளும். தோள் முன்னால் துள்ளும். விரல் விசையை வெடுக்கென்று பிடுங்கும். துப்பாக்கி முனை ஒரு நூல் அளவு அசைந்தால் போதும். 100 மீட்டர் தூரத்தில் குண்டு எங்கேயோ போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுடுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. "நான் அசையவே இல்லையே!" என்று சத்தியம் செய்வான். அதற்குப் பயிற்சி கொடுப்பவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். அவனுக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு வெற்றுத் தோட்டாவைப் போட்டுவிடுவார்கள். அவன் விசையை இழுப்பான். வெடிக்காது. ஆனால் துப்பாக்கி முனை மட்டும் பொசுக்கென்று குனியும்! சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். அப்புறம் சத்தியம் செல்லாது.

ஆகையால்தான் புதிதாகப் பழகுகிறவர்களிடம் பெரிய துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது என்பார்கள். நம் நாட்டு என்.சி.சி. பிள்ளைகள் பழகுவது .22 ரகத் துப்பாக்கியில். அதன் குண்டு மூன்று கிராம்கூட இராது. உதையே தெரியாது.

விடிய விடிய உதை

200 உதை வாங்கியவர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

1879-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி. தென் ஆப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிப்ட் என்ற ஆற்றுத்துறை. அங்கே பாதிரியார் வீடு ஒன்று. அதை பிரிட்டிஷ் பட்டாளம் ஆஸ்பத்திரியாக ஆக்கியிருந்தது. நோயாளிகளையும் சேர்த்து சுமார் 150 பேர் இருந்தார்கள்.

ஜுலு வீரர்கள் 3,000 பேருக்கு மேல் திரண்டு வந்து அந்த இடத்தைத் தாக்கினார்கள். தங்கள் மண்ணின் மீது படையெடுத்து வந்தவர்களை விரட்ட வந்தவர்கள் அவர்கள். சிப்பாய்கள் சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கிச் சுவராக்கிக்கொண்டு சுட்டார்கள். மாலையில் தொடங்கிய சண்டை நள்ளிரவுக்குப் பிறகும் ஓயவில்லை.

அவர்கள் கையில் இருந்தது அதே மார்ட்டினி ஹென்றி. பலாப்பழத் துப்பாக்கி!

இருந்த தோட்டாக்கள் சுமார் 20,000. விடிந்தபோது மிஞ்சியவை சுமார் 900 என்று சொல்வார்கள். துப்பாக்கி பிடிக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஏறக்குறைய 200 தோட்டா ஆகிறது. ஒரே ராத்திரியில், ஒரே தோளில், 200 உதை!

போகப் போக உதை குறையவில்லை. கூடியது! அந்தக் காலத்து மருந்து கறுப்பு மருந்து. சுடச் சுடக் குழலுக்குள் கரி படியும். குழல் குறுகும். குண்டு இறுக்கிக்கொண்டு போகும். உதை இன்னும் பலமாக வரும். குழலும் அடுப்பில் வைத்த தோசைக் கல்போலக் காயும். பிடித்த கை பொரியும்.

தோள் கன்றிக் கறுத்துப் போயிற்று. வலது தோளில் வைக்க முடியாதவர்கள் இடது தோளுக்கு மாற்றினார்கள். அதுவும் போன பிறகு, தோளில் வைக்காமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே சுட்டார்கள். குறியாவது ஒன்றாவது!

அந்த இடம் விழவில்லை. 11 பேருக்கு விக்டோரியா சிலுவை என்ற பெரிய பதக்கம் கிடைத்தது. பிரிட்டிஷ் தரப்பில் 17 பேர் மாண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் 350-க்கும் மேற்பட்ட ஜுலு வீரர்களின் உடல்கள் கிடந்தன. தோள் வலியைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதாமல் விடக் கூடாது.

பிறகு உதை குறைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1880-களில் புகையில்லாத புது மருந்தைக் கண்டுபிடித்தார்கள். கொஞ்சம் மருந்தில் நிறைய வேகம் கிடைத்தது. அதனால் குண்டைச் சிறிதாக்க முடிந்தது. அந்த வழியில் வந்ததுதான் நம் ஊர்களில் போலீஸ்காரர் தோளில் பல்லாண்டு காலம் தொங்கிய 303 துப்பாக்கி. அதன் குண்டு 11 கிராம்தான். உத்தரப் பிரதேசப் போலீசார் 2020 ஜனவரியில்தான் அதற்கு விடை கொடுத்தார்கள். அடிக்கட்டையில் பித்தளைத் தகடு வைத்த 303-ம் ஒல்லித் தோளை நோகடிக்கும். ஆனாலும் மார்ட்டினியோடு பார்த்தால் அது சாது.

அந்தச் சாதுவையும் கெடுத்தார்கள்! இரண்டாம் உலகப் போரில் காட்டுச் சண்டைக்கு இலேசாக வேண்டும் என்று, 1944-ல் 303-ஐக் குட்டையாக்கி, எடையைக் குறைத்தார்கள். "காட்டுத் துப்பாக்கி" என்று பெயர் வாங்கியது. தோட்டா மட்டும் அதே பழைய தோட்டா. எடை குறைந்ததால் உதை ஏறியது. வலிக்காமல் இருக்க அடிக்கட்டையில் ரப்பர் வைத்தார்கள். அந்த ரப்பர் குறுகல். நாளானதும் கல்லாக இறுகிவிடும். கல்லை வைத்துத் தோளில் குத்தினால் எப்படி இருக்கும்?

ஒரு தோளுக்கு ஒன்று!

எல்லாவற்றையும் தூக்கி அடித்தது ஜெர்மனியில் பிறந்த ஒரு துப்பாக்கி.

முதல் உலகப் போரில், 1916 செப்டம்பர் 15-ந் தேதி, பிரிட்டிஷார் முதன்முதலாக டாங்கிகளைச் சண்டைக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரணக் குண்டுகள் அந்த இரும்பு யானையின் மேல் பட்டுத் தெறித்தன. ஜெர்மானியர் கலங்கினார்கள். அவசரமாக மருந்து தேடினார்கள். "மவுசர்" தொழிற்சாலை, சாதாரணத் துப்பாக்கியையே ஊதிப் பெரிதாக்கியது போல ஒன்றைச் செய்து 1918-ல் கொடுத்தது.

நீளம் 1.69 மீட்டர். ஓர் ஆள் உயரம்! எடை கால்களோடு சேர்த்து 18 கிலோவுக்கு மேல். குண்டு 51 கிராம். வேகம் நொடிக்கு 785 மீட்டர். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் போக வேண்டும். சுமார் 15,800 துப்பாக்கிகள் செய்தார்கள்.

குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால், 303-ஐப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு தள்ளு! இந்தத் தள்ளைத் தாங்குவதற்கு அந்தத் துப்பாக்கியில் என்ன வைத்தார்கள் தெரியுமா?

ஒன்றும் வைக்கவில்லை. ரப்பர் இல்லை. வில் இல்லை. வெறும் மரக்கட்டை!

தெரியாமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. பீரங்கிக்கு அப்போதே வைத்தியம் இருந்தது. 1897-ல் பிரெஞ்சுக்காரர் செய்த 75 மில்லிமீட்டர் பீரங்கியில் எண்ணெயும் காற்றும் அடைத்த உருளை உண்டு. சுட்டதும் குழல் மட்டும் பின்னால் போய்த் திரும்பி வரும். வண்டி நகராது. இரும்பு வண்டிக்குக் கிடைத்த இரக்கம் சிப்பாயின் தோளுக்குக் கிடைக்கவில்லை. அவசரம்!

சுட்டவனுக்குத் தோள் வீங்கும். தலை வலிக்கும். ஓர் ஆள் சில குண்டு சுட்டதும் அடுத்த ஆள் மாற்றிக்கொள்வான். ஜெர்மன் சிப்பாய்கள் இதை வைத்து ஒரு வேடிக்கை சொன்னார்கள். "இந்தத் துப்பாக்கியை ஓர் ஆள் இரண்டு தடவை சுடலாம். வலது தோளில் ஒரு தடவை. இடது தோளில் ஒரு தடவை!"

சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். எதிரே டாங்கி உருண்டு வருகிறது. முதல் குண்டு பட வேண்டிய இடத்தில் பட வேண்டும். அந்த நேரத்தில் ஊசிக்குப் பயந்த குழந்தைபோல உடம்பு துள்ளினால், அவன் கதி என்ன?

பிரிட்டிஷார் 1937-ல் இதே வேலைக்கு "பாய்ஸ்" என்ற துப்பாக்கியைச் செய்தார்கள். அதைத் திட்டமிட்ட காப்டன் பாய்ஸின் பெயர் அது. பாவம், அது ராணுவத்தில் சேருவதற்குச் சில நாள் முன்பு அவர் காலமாகிவிட்டார். எடை 16 கிலோ. இவர்கள் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். அடிக்கட்டையில் மெத்தை, உள்ளே வில், குழல் முனையில் ஆவி பக்கவாட்டில் பிரியத் துளை. இவ்வளவு வைத்தும் தோளும் கழுத்தும் கன்றின. சிப்பாய்களுக்கு அதைக் கண்டாலே கசப்பு. 1942-ல் வால்ட் டிஸ்னி கம்பெனி, அந்தத் துப்பாக்கியைப் பற்றி ஒரு பயிற்சிப் படமே எடுத்தது. கார்ட்டூன் ஹிட்லர் டாங்கியில் வந்து உதை வாங்கும் படம்! அதற்குள் ஜெர்மன் டாங்கிகளின் தகடு தடித்துவிட்டது. குண்டு உள்ளே போகவில்லை. துப்பாக்கியை மூட்டை கட்டிவிட்டார்கள்.

திருச்சியில் செய்யும் துப்பாக்கி

இன்றும் இப்படிப் பெரிய துப்பாக்கிகள் உண்டு. அவற்றில் ஒன்று நம் திருச்சி ராணுவத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பிறந்தது. பெயர் "வித்வன்சக்". நாசம் செய்வது என்று பொருள். 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என்று மூன்று அளவில் குழல் மாற்றிக்கொள்ளலாம். எடை 20 கிலோவுக்கு மேல். பிரித்து மூட்டை கட்டி எடுத்துப் போவார்கள்.

இதில் பீரங்கி வைத்தியம் வந்துவிட்டது. சுட்டதும் குழலும் பொறியும் சேர்ந்து சட்டத்துக்குள் பின்னால் சறுக்கும். உதை மெதுவாக, நீண்டு வரும். உதையின் மொத்த அளவு குறையாது. ஆனால் வெடுக்கென்று வருவதற்கும் மெல்ல வருவதற்கும் தோளுக்கு வித்தியாசம் தெரியும். பந்து பிடிக்கிறவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிக்கிறாரே, அதே தந்திரம்.

குழல் முனைத் துளைகளும் உதவுகின்றன. ஆவி முன்னால் போகாமல் பக்கவாட்டிலும் பின்னாலும் திரும்புகிறது. அந்த அளவுக்கு உதை குறைகிறது.

ஆவி திரும்பும்போது சத்தமும் சேர்ந்து திரும்புகிறது! முன்னால் போக வேண்டிய வெடிச் சத்தம், சுடுகிறவன் காதுக்கும் பக்கத்தில் படுத்திருப்பவன் காதுக்கும் வருகிறது. தோளைக் காப்பாற்றப் போய்க் காதைக் கொடுத்த கதை!

நாம் சாதாரணமாகப் பேசும் சத்தம் 60 டெசிபெல். 140-ஐத் தாண்டினால் ஒரே ஒரு வெடியில்கூடக் காது கெட்டுப் போகலாம். ராணுவத் துப்பாக்கி வெடிப்பது 150-க்கு மேல். காதுக்குள் இருக்கும் மெல்லிய மயிரிழைகள் ஒரு தடவை ஒடிந்தால் மறுபடி முளைக்காது. கன்றிய தோள் ஒரு வாரத்தில் ஆறிவிடும். கெட்ட காதுக்குள் "ஙொய்" என்ற ரீங்காரம் வாழ்நாளெல்லாம் கேட்கும். ஆகையால் இப்போது சுடும் மைதானங்களில் காதை மூடாமல் யாரையும் விடுவதில்லை.

உதையே இல்லாத துப்பாக்கி கிடையாதா?

உண்டு. சுவீடன் நாட்டில் 1940-களில் தோன்றிய "கார்ல் குஸ்தாப்". தோளில் வைத்துச் சுடும் குழாய். 84 மில்லிமீட்டர் குண்டு. நம் ராணுவத்திலும் இருக்கிறது. இதில் குழாயின் பின்பக்கமும் திறந்திருக்கும். குண்டு முன்னால் போக, ஆவி பின்னால் பாய்ந்து ஓடிவிடும். இரண்டும் சரிக்குச் சரி. தோளில் உதை கிடையாது. ஆனால் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் கருகிப் போவார்கள்!

உதை இல்லையே, இனிக் கவலை இல்லை என்று நினைத்தார்கள். அண்மைக் காலத்தில்தான் வேறொன்று தெரிய வந்தது. வெடிக்கும்போது காற்றில் ஓர் அதிர்ச்சி அலை கிளம்புகிறது. அது சுடுகிறவனின் தலையை அடிக்கிறது. மறுபடி மறுபடி பட்டால் மூளைக்குக் கெடுதல் வருமோ என்ற பயம் எழுந்தது. சிப்பாய்களுக்குத் தலைவலி, மறதி, தூக்கமின்மை. இதை ஆராய வேண்டும் என்று 2017-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதியது.

பயிற்சியின்போது ஒருவர் ஒரு நாளைக்கு இத்தனை குண்டுதான் சுடலாம் என்று அமெரிக்க ராணுவத்தில் வரம்பு இருக்கிறது. பழகுவதற்கென்று அந்தப் பெரிய குழாய்க்குள்ளேயே ஒரு சின்னத் துப்பாக்கிக் குழல் வைத்த போலிக் குண்டும் உண்டு. சிப்பாய் குழாயைத் தோளில் வைத்து, குறி பார்த்து, விசையை இழுப்பான். உள்ளே இருந்து சாதாரணத் துப்பாக்கித் தோட்டா ஒன்று மட்டும் போகும். கையும் கண்ணும் நன்றாகப் பழகிய பிறகுதான் நிஜக் குண்டைக் கொடுப்பார்கள். அதையும் எண்ணித்தான் கொடுப்பார்கள்.